பூக்கும் தாவரக் குடும்பங்கள் இணையத்தில் தமிழிலும் வேண்டும்: பூமலை நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பூமலை என்று நாங்கள் அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கும் தேசியப் பூங்காக் கழகத்தாருக்கும் வணக்கம்.

உட்லண்ட்ஸ் வட்டாரத்துச் சமூகத் தோட்டம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகச் செடி வளர்த்துவருபவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் உறுப்பினர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். மற்றவர்கள் சீன, மலாய் அண்டை வீட்டார். தாவரவியலை நான் கல்லூரியில் படிக்கவில்லை. பூக்கும் தாவரங்களின் குடும்பங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் வேலை முடிந்த இரவுகளில் இணையத்தில் படித்துக் கற்றவை. அவற்றில் பெரும்பகுதி உங்களையும் உங்களைப் போன்ற உலகத் தாவரவியல் நிறுவனங்களையும் சேர்ந்தவர்கள் கட்டணமின்றித் திறந்துவைத்த அறிவு. அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டு, ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். பூக்கும் தாவரக் குடும்பங்களை அறிமுகம் செய்யும் பக்கங்கள், சிங்கப்பூரில் எடுத்த படங்களுடன், தமிழில் இணையத்தில் வேண்டும். நான் கேட்பது தனித்தனிச் செடிகளின் பெயர்ப்பட்டியலை அன்று. குடும்பங்களைப் பற்றிய விளக்கத்தை.

இந்த வேறுபாட்டை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பூக்கும் தாவரங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பதாகத் தாவரவியலார் கணக்கிடுகின்றனர். அத்தனையையும் ஒருவர் ஒரு வாழ்நாளில் அறிந்துகொள்வது நடவாத காரியம். ஆனால் அவை அனைத்தும், ஏபிஜி என்னும் பன்னாட்டுத் தாவரவியலார் குழு 2016இல் வெளியிட்ட நான்காம் வகைப்பாட்டின்படி, 64 வரிசைகளில் (உறவுடைய குடும்பங்களின் தொகுப்புகளில்) உள்ள 416 குடும்பங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றிலும் சூரியகாந்தி, ஆர்க்கிட், அவரை, காப்பி, புல் ஆகியவற்றின் ஐந்து குடும்பங்கள் மட்டுமே மொத்த இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தம்முள் கொண்டிருக்கின்றன. ஒரு செடியின் பெயரைத் தெரிந்துகொண்டவருக்கு அந்தச் செடி மட்டுமே தெரியும். அதன் குடும்ப அடையாளங்களைத் தெரிந்துகொண்டவருக்கோ, இதுவரை கண்டிராத ஒரு செடி எதிரே நின்றாலும், அதில் எதை உற்றுப் பார்க்க வேண்டும், எதை முகர்ந்து பார்க்க வேண்டும், எதைத் தொடாமல் விலக வேண்டும் என்பது தெரியும்.

எங்கள் தோட்டத்தில் எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். நாள்தோறும் காலையில் சாமிக்குப் பூப்பறிக்க வருவார். ஒரு நாள் அவருடைய தட்டில் செவ்வரளி, மஞ்சள் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, பக்கத்து வீட்டார் கொடுத்த ஈழத்தலரி என ஐந்து வகைப் பூக்கள் இருந்தன. "பாட்டி, இந்த ஐந்தும் ஒரே குடும்பம்" என்றேன். அவர் நம்பவில்லை. நிறம் வேறு, மணம் வேறு, ஒன்று மரம், ஒன்று புதர், ஒன்று முழங்கால் உயரச் செடி; இவை எப்படி ஒன்றாகும் என்று கேட்டார். அரளியின் விரியாத மொட்டு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். மடித்த குடையின் துணி கம்பியைச் சுற்றியிருப்பதைப் போல, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து முறுக்கிக்கொண்டிருந்தன. நந்தியாவட்டை மொட்டிலும் அதே முறுக்கு. நித்தியகல்யாணியிலும் அதே முறுக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைத் திருகு இதழமைவு என்கின்றன. பிறகு காம்புகளைக் கிள்ளிப் பார்த்தோம். அரளியிலும் நந்தியாவட்டையிலும் ஈழத்தலரியிலும் பால் கசிந்தது. நித்தியகல்யாணியில் அது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. செவ்வரளியும் நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் ஒரு பூவிலிருந்து இரட்டைக் காய் விடும் என்பதைப் பாட்டியே நினைவுபடுத்திக்கொண்டார். விநாயகருக்குச் சாத்தும் எருக்கும் இந்த வீட்டைச் சேர்ந்ததுதான். முன்பு அதைத் தனிக் குடும்பமாக வைத்திருந்தனர், பின்னர் அப்போசைனேசி என்னும் இந்தக் குடும்பத்துடனேயே சேர்த்துவிட்டனர். அடுத்த நாள் பாட்டி என்னிடம் மல்லிகை மொட்டு ஒன்றைக் கொண்டுவந்து, இதுவும் அந்தக் குடும்பமா என்று கேட்டார். மொட்டு முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். அது மிக நல்ல கேள்வி. மல்லிகையின் காம்பில் பால் இல்லை. பூவைப் பிரித்தால் மகரந்தத்தாள்கள் இரண்டே இரண்டு. அது ஆலிவ் மரத்தின் குடும்பம், நம் பவளமல்லிகையின் குடும்பம். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது, மூன்று நான்கு அடையாளங்கள் சேர்ந்து வர வேண்டும் என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

இந்தப் பாடத்துக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. தேக்காவின் பூக்கடைகளிலும் காய்கறிக் கடைகளிலும் கிடைப்பவற்றைக் கொண்டே இருபது குடும்பங்களைக் கற்பித்துவிடலாம். அதற்கு வேண்டியது, பாட்டியைப் போன்ற ஒருவர் கைப்பேசியில் திறந்து, பெரிய எழுத்தில், தமக்குத் தெரிந்த பூவின் பெயரோடு தொடங்கிப் படிக்கக்கூடிய ஒரு பக்கம். அப்படி ஒன்றை அவருக்குக் காட்ட வேண்டுமென்று தேடினேன். சிங்கப்பூரில் வளரும் செடிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு தமிழில் எழுதிய குடும்பப் பக்கம் என் தேடலில் கிடைக்கவில்லை.

இருக்கும் வளங்களின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. மிசூரித் தாவரவியல் தோட்டத்தின் தளத்தில் பீட்டர் ஸ்டீவன்ஸ் 2001 முதல் பேணிவரும் ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி வெப்சைட், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் உறவுமுறை, உடலமைப்பு, வேதிப்பொருள்கள், பரவல் ஆகியவற்றை வேறெங்கும் காணாத ஆழத்தில் தருகிறது. முருங்கையின் மிக நெருங்கிய உறவு பப்பாளி என்பதை நான் அங்குதான் முதலில் படித்தேன். இரண்டும் கடுகும் முட்டைக்கோசும் இருக்கும் வரிசையைச் சேர்ந்தவை. முருங்கைக் கீரையைக் கிள்ளும்போதும் கடுகை மெல்லும்போதும் நாக்கிலும் மூக்கிலும் ஏறும் அந்தக் காரம் ஒரே வகைக் கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது என்று தெரிந்தபோது, என் அம்மாவின் சமையலறையே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. முருங்கைப் பேரினத்துக்கு அறிவியல் உலகம் வைத்த மொரிங்கா என்ற பெயரும் நம் முருங்கையிலிருந்து போனதுதான். இத்தனை செய்தியும் அந்தத் தளத்தில் செறிவான ஆங்கிலத்தில், துறைச்சொற்களின் சுருக்கங்களோடு இருப்பதால், முதல் பக்கத்தைத் தாண்ட எனக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று.

லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தார் 2017இல் தொடங்கிய பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆன்லைன் வேறு வகையில் பயன்படுகிறது. ஒரு செடி எங்கே இயல்பாக வளர்வது, எங்கே மனிதரால் கொண்டுசெல்லப்பட்டது என்பதை வரைபடத்தில் நிறம் பிரித்துக் காட்டும். நம் சாலைகளுக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது என்பதை நம்பாதவர்களுக்கு அந்த வரைபடத்தைக் காட்டினால் போதும். 2012இல் ஹைதராபாத்தில் நடைபெற்ற பல்லுயிர் மாநாட்டின்போது அறிவிக்கப்பட்ட வேர்ல்டு ஃபுளோரா ஆன்லைன், எது ஏற்கப்பட்ட பெயர், எது அதன் மறுபெயர் என்பதைச் சரிபார்க்க உதவுகிறது. உங்களுடைய ஃபுளோரா அண்ட் ஃபானா வெப் தளத்தை நான் திறக்காத வாரம் இல்லை. நம் கண்முன் நிற்கும் செடியைப் பற்றி, இந்த மண்ணிலும் இந்த மழையிலும் அது எப்படி வளர்கிறது என்பது வரைக்கும் சொல்லும் தளம் அது. பூமலையின் ஆய்விதழான கார்டன்ஸ் புல்லட்டின் சிங்கப்பூர் இணையத்தில் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. 750,000க்கும் மேற்பட்ட உலர்தாவர மாதிரிகளைப் பேணும் உங்கள் ஹெர்பேரியமும், 1859 முதல் இதே இடத்தில் வளர்ந்து 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமான உங்கள் தோட்டமும் இந்த வேண்டுகோளுக்கு மிகப் பொருத்தமான இடம் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். அறிவும் செடிகளும் படங்களும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன.

தமிழிலும் வளங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் நூல்களும் இலங்கையின் தமிழ்வழி உயிரியல் நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் பல குடும்பங்களுக்குக் கட்டுரை தொடங்கியுள்ளனர். பாடநூல்கள் தேர்வுக்காக எழுதப்பட்டவை. சில குடும்பங்களை மட்டும் எடுத்து, மலர்ச் சூத்திரம், மலர் வரைபடம் என்று முறையாக விளக்குகின்றன. அவற்றிலிருந்து நான் நிறையக் கற்றேன். ஆனால் புக்கிட் தீமா மலைச்சரிவில் நிற்கும் மெராந்தி மரத்தையோ, சாலையோரச் சிம்போ ஆயர்ப் புதரையோ, ஈரக்காட்டுப் பாண்டானையோ பற்றி அவை பேசும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தப் பொறுப்பை இங்கிருப்பவர்கள்தான் ஏற்க வேண்டும். நாம் பூசையில் புகைக்கும் குங்கிலியத்தைத் தரும் மரங்கள் எந்தக் குடும்பமோ, அதே டிப்டெரோகார்ப்பேசி குடும்பம்தான் புக்கிட் தீமாவின் உயர்ந்த மரங்களில் பலவற்றுக்கும் தாய்வீடு என்ற ஒரே வரி, அந்தக் காட்டுக்குள் நடக்கும் தமிழர் ஒருவரை அண்ணாந்து பார்க்க வைக்கும்.

இந்த மடலை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் மரக்கிளைகளைக் கழிக்கும் வேலைக்கு வந்திருந்த ஊழியர்களில் ஒருவர் நாகப்பட்டினத்துக்காரர். மதிய இடைவேளையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "அக்கா, இது எங்க ஊருக் கடலோரம் நிக்கிற புன்னை மாதிரியே இருக்கே, இங்க வேற பேரு சொல்றாங்களே" என்று கேட்டார். அது புன்னையேதான், மலாய்க்காரர்கள் பெனாகா லாவுட் என்று அழைக்கும் மரம். இலையின் நடுநரம்பிலிருந்து மயிரிழைபோல் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் பக்கநரம்புகளை வைத்து அவர் கண்டுபிடித்திருந்தார். தாவரவியலாரும் அந்த நரம்பமைப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். மங்குஸ்தீனும் இதுவும் முன்பு ஒரே குடும்பத்தில் இருந்தன, 2009இன் வகைப்பாட்டில் புன்னையைத் தனிக் குடும்பமாகப் பிரித்தனர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் ஆர்வத்தோடு கேட்டுவிட்டு, "இதெல்லாம் போன்ல தமிழ்ல எங்கக்கா படிக்கலாம்?" என்றார். என்னால் ஒரு முகவரியும் கொடுக்க முடியவில்லை.

சிங்கப்பூரின் மரங்களை நாள்தோறும் தம் கையால் தொட்டு, ஏறி, வெட்டி, நீரூற்றிப் பராமரிப்பவர்களில் தமிழ் பேசும் வெளிநாட்டு ஊழியர்கள் பலர். மாங்காயின் காம்புப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதும் சேங்கொட்டைச் சாறு கொப்புளம் எழுப்பும் என்பதும் அவர்கள் கிராமத்திலேயே அறிந்தவை. இங்கே இயல்பாக வளரும் ரெங்காஸ் மரம் அதே அனக்கார்டியேசி குடும்பம். அதன் சாறு தோலில் பட்டால் கடுமையான புண் உண்டாகும். சாலையோரங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் போங்போங் மரம் நம் ஊர்க் காட்டரளி. அதன் கொட்டைப் பருப்பு உயிரைப் பறிக்கக்கூடியது. இவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, மாமரக் குடும்பம், அரளிக் குடும்பம் என்று இரண்டு பக்கங்களைத் தமிழில் தந்துவிட்டால், அவர்கள் ஏற்கெனவே அறிந்திருப்பதோடு இந்த மண்ணின் மரங்களும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

குடும்ப உறவை நம் முன்னோர் பெயர் வைத்தபோதே பல இடங்களில் கண்டுகொண்டனர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அலரி என்பதே வழக்கில் அரளி ஆனது. ஈழத்தலரி, மஞ்சளரளி, காட்டரளி என்று அவர்கள் பெயரிட்ட மரங்களில் ஈழத்தலரியும் மஞ்சளரளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை; அப்படியிருந்தும் அவற்றை அரளியின் உறவு என்று சரியாகவே சேர்த்தார்கள். ஆனால் பெயர் எப்போதும் வழிகாட்டுவதில்லை. வேம்பும் மலைவேம்பும் மீலியேசி குடும்பம். கசப்பால் பெயர் பெற்ற நிலவேம்பு அக்காந்தேசி. இலை ஒற்றுமையால் பெயர் பெற்ற கறிவேப்பிலையோ எலுமிச்சையும் வில்வமும் உள்ள ரூட்டேசி. மரமல்லிக்கு மல்லிகையோடு உறவில்லை. தாமரையும் அல்லியும் ஒரே குளத்தில் நின்றாலும் மிகத் தொலைவான உறவு. தாமரைக்கு நெருங்கியவை மக்கடேமியாவைப் போன்ற நிலத்து மரங்கள். எந்தப் பெயரை நம்பலாம், எந்தப் பெயர் ஏமாற்றும் என்பதைத் தமிழ்ப்பெயர்களைக் கொண்டுதான் விளக்க முடியும். ஆங்கிலப் பக்கம் ஒன்றை அப்படியே பெயர்த்தால் இந்தப் பகுதியே அதில் இடம்பெறாது. ஆகவே நான் கேட்பது மொழிபெயர்ப்பை அன்று, தமிழில் புதிதாக எழுதப்படும் பக்கங்களை.

இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று கேட்பவர்களுக்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். குடும்ப விளக்கம் ஒன்றை அப்படிப் பெயர்த்துப் படித்தபோது, பூவின் சூலகமுடி (ஸ்டிக்மா) களங்கம் என்றும், சூலகத்தண்டு (ஸ்டைல்) பாணி என்றும் வந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு பூவைப் பிரித்துப் பார்ப்பவர் எதைக் கண்டுபிடிப்பார்?

படத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லும் கைப்பேசிச் செயலிகளும் இன்று பெருகிவிட்டன. நானும் பயன்படுத்துகிறேன். ஒரு முறை எங்கள் தோட்டத்தில் தானாக முளைத்த நாற்று ஒன்றைச் செயலி கறிவேப்பிலை என்றது. உறுப்பினர் ஒருவர் மகிழ்ச்சியோடு தொட்டியில் வைத்துக்கொண்டார். கறிவேப்பிலையின் குடும்பத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊசியால் குத்தியதைப் போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை இலையிலும் வில்வ இலையிலும் அவற்றைப் பார்க்கலாம். அந்த நாற்றின் இலையில் ஒரு புள்ளியும் இல்லை, கசக்கினால் மணமும் இல்லை. செயலி ஒரு பெயரைத் தந்தது. அந்தப் பெயரைச் சோதிக்கும் வழியைக் குடும்ப அறிவுதான் தந்தது. செயலிகள் பரவப் பரவ இந்த அறிவுக்கான தேவை கூடுகிறது என்றே எண்ணுகிறேன்.

கலைச்சொற்களைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் பேரினம், சிற்றினம் என்பவை இலங்கையில் சாதி, இனம் எனப்படுகின்றன. விக்கிப்பீடியாவில் வரிசை என்பது இலங்கை நூல்களில் வருணம். குடும்பம் என்ற சொல்லில் மட்டும் எல்லாரும் ஒன்றுபடுகிறோம். சிங்கப்பூரில் இரு வழியிலும் படித்தவர்கள் வாழ்கிறார்கள். ஒன்றை முதன்மையாகக் கொண்டு மற்றதை முதல் முறை வரும்போது உடன் சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள், சூற்பை, இலையடிச்செதில் ஆகிய சொற்களுக்கு நீண்ட வரையறைகள் வேண்டாம். இட்லிப்பூச் செடியின் இரண்டு எதிரிலைகளுக்கு நடுவில் முக்கோணமாக நிற்கும் அந்தச் சிறு செதிலை அம்புக்குறியிட்டுக் காட்டும் ஒரு படம் போதும். நம் வேலிகளில் எல்லாம் இருக்கும் அந்த இட்லிப்பூவும், காலையில் குடிக்கும் காப்பியும், நுணாவும், கடம்பும் ரூபியேசி என்னும் ஒரே குடும்பம் என்பதற்கு அந்தச் செதில் முதல் சாட்சி. ஒருவித்திலைத் தாவரங்களைப் பற்றிய பக்கம், தென்னையையும் மூங்கிலையும் வெளியே வைரம் பாய்ந்த புல் இனமாகவும், மற்றவற்றை உள்ளே வைரம் பாய்ந்த மரமாகவும் பிரித்த தொல்காப்பிய மரபியலோடு தொடங்கலாம் என்பது என் விருப்பம். அது உங்கள் முடிவுக்கு உரியது.

வகைப்பாடு மாறிக்கொண்டே இருப்பதையும் பக்கங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய நூல்களில் தேக்கும் நொச்சியும் வெர்பினேசி. இன்று இரண்டும் துளசியின் லாமியேசி குடும்பம். டுரியானும் இலவமும் பொம்பக்கேசியில் இருந்தன. இன்று வெண்டைக்காயும் செம்பருத்தியும் உள்ள மால்வேசிக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. லில்லிக் குடும்பம் என்று முன்பு ஒன்றாகச் சொல்லப்பட்ட வெங்காயமும் கற்றாழையும் செங்காந்தளும் இன்று மூன்று வெவ்வேறு குடும்பங்கள். பழைய தமிழ் நூலைப் படித்தவர் புதிய பக்கத்தைப் பார்த்துக் குழம்பாமல் இருக்க, எந்த ஆண்டின் வகைப்பாட்டைப் பின்பற்றுகிறோம், முன்பு இது எங்கே இருந்தது, ஏன் மாற்றினார்கள் என்று மூன்று வரிகளை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சேர்க்க வேண்டும். டுரியான் பழத்தோடு வெண்டைக்காயை ஒப்பிட்டுக் காட்டும் அந்த மூன்று வரிகளுக்காகவே பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தைத் திறப்பார்கள். இங்கே அவர்கள் அறிவியலை ஆங்கிலத்தில் கற்கிறார்கள், தமிழைத் தாய்மொழிப் பாடமாகத் தனியே கற்கிறார்கள். அறிவியல் வகுப்பில் மகரந்தச் சேர்க்கையைப் படித்த பிள்ளைக்குத் தமிழ் வகுப்பிலும் அதைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்பு இருக்கட்டும்.

நடைமுறையில் இது பெரும் செலவு பிடிக்கும் வேலை அன்று. முதலில் இருபது குடும்பங்கள் போதும். அரளி, அவரை, காப்பி, செம்பருத்தி, கத்தரி, எலுமிச்சை, மா, துளசி, இஞ்சி, புல், பனை ஆகியவற்றின் குடும்பங்களோடு, ஆர்க்கிட், டிப்டெரோகார்ப்பேசி போன்று இந்தத் தீவை அறிய இன்றியமையாதவையும் அதில் இருக்க வேண்டும். 1981இல் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிமைப் பிரித்துக் காட்டாமல் ஆர்க்கிட் பக்கம் முழுமை பெறாது. ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் தாவரவியலார் ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. படங்களையும் எழுத்தையும் எவரும் எடுத்தாளலாம் என்னும் திறந்த உரிமத்தில் வெளியிட்டால், தமிழ் விக்கிப்பீடியா வழியாக அவை யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் போய்ச்சேரும். நீங்கள் 2018இல் வெளியிட்ட ட்ரீஸ்.எஸ்ஜி வரைபடத்தில் 500,000க்கும் மேற்பட்ட மரங்கள் இடம்பெற்றன. அதில் ஒரு மரத்தைத் தொட்டால் அதன் குடும்பத்தின் தமிழ்ப் பக்கத்துக்குப் போக ஓர் இணைப்பு இருந்தால், அந்த நாகப்பட்டினத்து ஊழியர் மரத்தடியில் உட்கார்ந்தபடியே படித்துக்கொள்வார். படங்கள் சிறிய அளவில் இருக்கட்டும். ஊழியர்களின் கைப்பேசித் தரவுக்கு அளவு உண்டு.

தமிழில் எழுதவும் மெய்ப்புப் பார்க்கவும் ஆள் கிடைப்பார்களா என்ற ஐயம் எழலாம். 2015இல் தேசிய நூலக வாரியத்தின் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் பணிக்குச் சமூகத் தன்னார்வலர்கள் முன்வந்து உழைத்ததை நாம் பார்த்திருக்கிறோம். தமிழாசிரியர்கள், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்கள், சமூகத் தோட்டங்களின் உறுப்பினர்கள், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தாவரவியல் படித்துவிட்டு இங்கே வேறு வேலை பார்ப்பவர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். உங்கள் சமூகத் தோட்டத் திட்டம் 2005 முதல் வளர்த்துவந்திருக்கும் தோட்டங்களில் எத்தனையோ தமிழ்க் கைகள் இருக்கின்றன. அழைப்பு உங்களிடமிருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்தைச் சேர்ந்த ஆறு பேர் இதற்கு இப்போதே ஆயத்தமாக இருக்கிறோம். அரளிக் குடும்பத்துக்கும் எலுமிச்சைக் குடும்பத்துக்கும் முதல் வரைவை எழுதி முடித்துவிட்டோம். மொட்டின் முறுக்கையும் இலையின் ஒளிப்புள்ளிகளையும் காட்டும் படங்களை எங்கள் தோட்டத்திலேயே எடுத்திருக்கிறோம். பாட்டி அவற்றைப் படித்துவிட்டு, எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்றும், ஈழத்தலரிப் படத்தில் காம்பு தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார், இரண்டையும் திருத்திக்கொண்டிருக்கிறோம். உங்கள் தாவரவியலாரில் ஒருவர் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கி இந்த இரு வரைவுகளிலும் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டினால், பூமலைக்கு நாங்களே அவற்றை எடுத்துக்கொண்டு வருகிறோம். மூன்றாவதாக மாமரக் குடும்பத்தை எழுத எண்ணியிருக்கிறோம். அதற்கு ரெங்காஸ் மரத்தின் நல்ல படம் எங்களிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வட்டாரச் சமூகத் தோட்ட உறுப்பினர் ஒருவர்